ஓடுவீடு: ஒரு கண்காட்சிப் பாடம்



2024ஆம் ஆண்டு ஓகஸ்ற் 31ஆம் நாள், சனிக்கிழமை, மேற்பிரிவு மாணவருக்கு வகுப்பறையில் பாடம் நடைபெறவில்லை. மாணவர் பதினெண்மரையும் பெற்றோர் ஐவரையும் அழைத்துக்கொண்டு, டுசில்டோர்ப் நகரிலே ஆண்டுதோறும் கோடை முடிவில் நிகழும் 'கரவான் சலோன்' கண்காட்சிக்குச் சென்றிருந்தோம். "வாங்க முடியாத வண்டிகளைப் பார்ப்பதற்காகத் தமிழ் வகுப்பை நிறுத்துவதா?" என்று முதல்நாள் மாலை பெற்றோர் ஒருவர் தொலைபேசியிற் கேட்டார். நியாயமான கேள்வி. அப்போது நாம் தக்க விடை கூறவில்லை. இக்கட்டுரையை அவருக்கு எழுதும் விடையாகவும் கொள்ளலாம்.

முன்னர் எசன் நகரில் நடைபெற்று, 1994 முதல் டுசில்டோர்ப்பிலே நடைபெறுவது இக்கண்காட்சி. வீட்டு வண்டிகளுக்கென உலகில் நிகழும் கண்காட்சிகளுள் மிகப் பெரியது இதுவே. அண்மைய ஆண்டுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்து பார்க்கின்றனர். அவர்களுட் பலர் தமது வண்டியிலேயே வந்து, கண்காட்சித் திடலின் தரிப்பிடத்திலே அதனை நிறுத்தி, இரவு அதிலேயே உறங்கி, காலையில் வேறு வண்டிகளைப் பார்க்கச் செல்கின்றனர். வீடு உடையவர்களுக்குத்தானே வீடு பார்ப்பதில் ஆசை அதிகம்! நாமோ நகரிலிருந்து யூ78 இலக்கத் தொடருந்தில் நெருக்குண்டு போய்ச் சேர்ந்தோம்.

மண்டபம் மண்டபமாக வண்டிகள் நின்றன. முதலாவது வண்டியின் படியில் ஏறுமுன் எமது மாணவர் அனைவரும் காலணிகளைக் கழற்றிவிட்டனர். எவரும் சொல்லவில்லை. உள்ளே கட்டிலும் அடுப்பும் கண்டதும் அது வீடென்று அவர்களுடைய கால்கள் தாமே அறிந்துகொண்டன போலும். படியருகே வரிசையாகக் கிடந்த காலணிகளைப் பார்த்த விற்பனையாளர் முதலில் திகைத்தார். பின்னர் எமக்கு நெடுநேரம் ஒதுக்கி விளக்கம் தந்தார்.

இனிச் சொற்களுக்கு வருவோம். மகிழுந்தின் பின்னே கொளுவி இழுக்கப்படுவதை யேர்மானியர் 'வோன்வாகன்' என்பர். தானே இயந்திரம் கொண்டு ஓடுவதை 'வோன்மோபீல்' என்பர். இவற்றுக்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டோம். முன்னதற்கு 'இழுவை வீடு' என்பது விரைவில் உடன்பாடாயிற்று. பின்னதற்கு எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி 'ஓடுவீடு' என்றாள். உடனே மற்றொருவன், "அது கூரையிலே ஓடு போட்ட வீடல்லவா?" என்று மறுத்தான். ஒரு மாத இலக்கண வகுப்பு அந்த இடத்திலேயே நடந்து முடிந்தது.

கவனியுங்கள். கூரை வேயும் ஓட்டைக் குறிக்கும் பெயர்ச்சொல் 'வீடு' என்னும் சொல்லோடு சேரும்போது டகரம் இரட்டித்து 'ஓட்டு வீடு' என்றே வரும். ஆட்டுக்கால், வீட்டுக்கதவு என்பன போல. ஓடுதல் என்னும் வினையின் பகுதி சேரும்போது இரட்டிக்காது. 'ஓடுவீடு' என்றே நிற்கும். ஊறுகாய், சுடுநீர், குடிநீர் என்பன போல இது வினைத்தொகை. வினைத்தொகையிலே காலம் மறைந்து நிற்கும். ஓடிய வீடு, ஓடுகின்ற வீடு, ஓடும் வீடு என முக்காலத்துக்கும் அது பொருந்தும். இப்பாடத்தை எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறோம். இம்முறைதான் அதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு கண்முன் நின்றது.

சக்கரத்தின்மேல் வாழ்வது ஐரோப்பாவிலே முன்னர் ரோமா மக்களுக்கும் ஊர்சுற்றும் கலைஞருக்கும் வணிகருக்கும் உரிய பிழைப்பாயிருந்தது. அதனை ஓய்வுநாள் இன்பமாக மாற்றிய முன்னோடிகளுள் ஒருவர் கோர்டன் ஸ்டேபிள்ஸ். பிரித்தானியக் கடற்படையில் மருத்துவராயிருந்து பின் எழுத்தாளரான அவர், 1885இல் 'வொண்டரர்', அதாவது அலைபவர், என்னும் பெயருடைய வண்டியைச் செய்வித்தார். அதனை இரண்டு குதிரைகள் இழுத்தன. பணியாளர் ஒருவர் முச்சக்கர மிதிவண்டியில் முன்னே சென்று வழி பார்த்தார்.

யேர்மனியின் கதை இன்னும் சுவையானது. அல்கொய் மலைப்பகுதியிலுள்ள இஸ்னி என்னும் ஊரிலே சாட்டைகள் செய்யும் தொழிற்சாலைக் குடும்பத்தைச் சேர்ந்தவர் அறிஸ்ற் டெத்லெவ்ஸ். வணிகத்தின் பொருட்டு அடிக்கடி நெடும்பயணம் செல்பவர். அவருடைய துணைவி பிரிடெல் எடெல்மான் ஓர் ஓவியர். பயணங்களில் தாமும் உடன்வரவேண்டும், வழியில் ஓவியமும் தீட்டவேண்டும் என்பது அவரது விருப்பம். அதற்காகவே 1931இல் அறிஸ்ற் ஓர் இழுவை வீட்டைக் கட்டினார். பிரியாதிருத்தற்காகச் செய்யப்பட்ட வண்டி அது. பின்னர் 1957இல் எர்வின் ஹைமர், எறிக் பாஹெம் ஆகிய இருவரும் சேர்ந்து மற்றுமோர் இழுவை வீட்டை உருவாக்கினர். பாஹெம் என்பவர் இரண்டாம் உலகப்போரில் ஏவுகணை விமானம் வடிவமைத்த பொறியியலாளர். போருக்கு உழைத்த கை பின்னர் விடுமுறை வண்டிக்கு உழைத்தது.

மாணவரை மிகவும் நிறுத்திவைத்தது குளிர்ப்பெட்டி. அதன் பின்புறத்தில் எரிவாயுச் சுடர் எரிகிறது என்றபோது ஒருவரும் நம்பவில்லை. நெருப்பு எவ்வாறு குளிரைத் தரும்? 1922இல் சுவீடன் நாட்டு மாணவர் இருவர், பிளாற்றன், முன்ரெர்ஸ் என்போர், கண்டுபிடித்த முறை இது. நீரிற் கரைந்துள்ள அமோனியாவைச் சுடர் சூடாக்க, அது ஆவியாய்ப் பிரிந்து மேலே சென்று, குளிர்ந்து திரவமாகிறது. அத்திரவம் ஐதரசன் வாயுவின் நடுவே மீண்டும் ஆவியாகும்போது பெட்டியின் உள்ளிருந்து வெப்பத்தை உறிஞ்சுகிறது. பின் நீரிற் கரைந்து, தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறது. சுழலும் உறுப்பு ஒன்றுமில்லை, ஆதலின் ஓசையுமில்லை. மின்சாரமில்லாத ஊர்களில் மண்ணெண்ணெய்ச் சுடரால் இயங்கிய குளிர்ப்பெட்டிகளைப் பெற்றோரிற் சிலர் கண்டிருப்பீர்கள், தத்துவம் ஒன்றே. இன்றைய வண்டிகள் பலவற்றில் அமுக்கி பூட்டிய மின்குளிர்ப்பெட்டியே உள்ளது. எனினும், பழைய முறை பாடத்துக்கு நல்லது.

எரிவாயுவைப் பற்றியும் ஒரு சொல். குளிர்காலத்தில் புரொப்பேன் வேண்டும். பியூட்டேன் ஏறக்குறைய சுழியப் பாகையிலே ஆவியாவதை நிறுத்திவிடும். புரொப்பேனோ உறைகுளிருக்கும் கீழே, 42 பாகை வரை ஆவியாகிக்கொண்டிருக்கும்.

ஓடுவீட்டுக்கு முதலாவது சட்டம் எடை. நாம் சென்ற நாளில் இருந்த விதிப்படி, சாதாரண 'பி' வகுப்புச் சாரதி அனுமதிப்பத்திரம் உடையவர் 3500 கிலோ வரையான வண்டியையே ஓட்டலாம். 1999க்கு முன் பழைய மூன்றாம் வகுப்புப் பத்திரம் பெற்றவருக்கு 7500 கிலோ வரை உரிமை உண்டு. இந்த 3500இற்குள் கட்டில், அடுப்பு, எரிபொருள், ஆட்கள் யாவும் அடங்கவேண்டும். ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோ என்பதை மறவாதீர்கள். குடிநீர்த் தொட்டி நிறைந்தாலே ஓர் ஆளுக்கு மேற்பட்ட பாரம். எடுத்துக்காட்டாக, சாரதியுடன் 2980 கிலோ நிறையுள்ள வண்டியிலே இன்னும் மூவர், ஆளுக்கு 75 கிலோ வீதம், ஏறினால் எஞ்சுவது 295 கிலோ. மிதிவண்டிகளும் வெளிக்கூடாரமும் அதிலே பெரும்பங்கைத் தின்றுவிடும்.

ஐரோப்பிய ஒன்றிய விதி ஒன்று இங்கே உதவுகிறது. சாரதி உட்பட ஆட்களின் எண்ணிக்கையையும் வண்டியின் நீளத்தை மீற்றரிலும் கூட்டிப் பத்தால் பெருக்குக. அத்தனை கிலோவாவது பயணிகளின் சொந்தப் பொருளுக்கென விடப்பட்டிருத்தல் வேண்டும். நால்வர், ஏழு மீற்றர் எனின் 110 கிலோ.

மதிய உணவின்போது வெளியே புற்றரையில் அமர்ந்து இதனையே பயிற்சியாகக் கொடுத்தோம். நால்வருக்கு 110 கிலோ; எவற்றை எடுப்பீர்கள்? பதினொரு பட்டியல்களில் அரிசி முதலிடம் பெற்றது. இருபது கிலோ மூடை. அம்மாக்களின் பிள்ளைகள்! ஒருவன் மிருதங்கத்தை எழுதி, எடை தெரியாமல் உடன்வந்த தந்தையாரின் முகத்தைப் பார்த்தான். "சுமப்பது நான், நிறுப்பதும் நானா?" என்றார் அவர். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "சேர், அம்மம்மா அந்த நாலு பேருக்குள்ளே வருவாவா?" என்று கேட்டாள். அவள் வீட்டில் அம்மம்மாவோடு ஐவர். வண்டியில் இருக்கைப் பட்டி நான்குதான். சிறிது யோசித்துவிட்டு, பட்டியல் முழுவதையும் குறுக்கே வெட்டி, "எங்களுக்கு இந்த வண்டி வேண்டாம்" என்று எழுதித் தந்தாள். அதற்கு முழுப் புள்ளி இட்டோம்.

அப்போது ஒருவன், "சேர், நீங்கள் எதை எடுப்பீங்கள்?" என்றான்.

இக்கணக்கை நாம் 2008இல் ஒருமுறை செய்திருக்கிறோம். கிளிநொச்சி மாவட்டத்திலே ஆசிரியராயிருந்த காலம். உழவு இயந்திரப் பெட்டி ஒன்று, குடும்பங்கள் மூன்று. எமது பங்குக்குக் கூரைத் தகரங்கள், நிலையோடு கழற்றிய கதவு, நெல் மூடை இரண்டு, ஒரு தையல் இயந்திரம், சமையற் பாத்திரங்கள், எட்டாம் வகுப்பு வரவுப் பதிவேடு ஆகியவற்றை ஏற்றினோம். கதவு எதற்கென்று எவரும் கேட்கவில்லை. எல்லாப் பெட்டிகளிலும் கதவு இருந்தது. சென்ற இடத்தில் தகரத்தை வேய்ந்தோம்; மறுமுறை அதனையே பிரித்து ஏற்றினோம். இடந்தோறும் பட்டியல் சுருங்கியது. முதலில் தையல் இயந்திரம், பின்னர் கதவு, பின்னர் பெட்டியே இல்லை. 2009 மே மாதத்தில் கையில் ஒரு துணிப்பை எஞ்சியது. பதிவேடு அதில் இல்லை. காற்கிலோவும் இராத பொருளை ஏன் வைத்துவிட்டு வந்தோம் என்பதற்கு இன்றும் எம்மிடம் விடை இல்லை.

இவ்வளவும் அவர்களுக்குச் சொல்லவில்லை. பட்டியலை மட்டும் சொன்னோம். திரும்பும் தொடருந்தில், ஓடுவீடு என்று பெயரிட்ட மாணவி அருகில் வந்து, பதிவேட்டில் இருந்த பெயர்கள் நினைவிருக்கின்றனவா என்று கேட்டாள். முப்பத்துநான்கு பேர். இறங்கும் நிலையம் வருவதற்குள் இருபத்தேழு பெயர்கள் வந்தன. கண்காட்சி விளம்பரத்தாளின் பின்புறத்தில் வரிசை எண்ணிட்டு அவற்றை எழுதித் தந்தாள். 'ழ'கரம் ஓரிடத்திலும் பிழைக்கவில்லை.

பயிற்சி: வண்டியின் நீளம் ஆறு மீற்றர். உங்கள் வீட்டிலுள்ளோர் தொகையைக் கொண்டு கிடைக்கும் எடையைக் காண்க. பட்டியல் எழுதி, ஒவ்வொன்றையும் வீட்டுத் தராசில் நிறுத்துக் குறித்து வருக. வலப்பக்கத்தில் ஓர் இடம் விடுக. அதிலே பெற்றோர் தாம் இந்நாட்டுக்கு வந்தபோது கையிற் கொண்டுவந்தவற்றைத் தம் கையெழுத்தில் எழுதுவர். வினைத்தொகைக்கு ஐந்து எடுத்துக்காட்டுகள் தருக, ஊறுகாய் வேண்டாம்.