முதலும் பொலிசையும்

தஞ்சைப் பெரியகோவிலின் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகளில் ‘பொலிசை’ என்னும் சொல் பலமுறை வருகிறது. கோவிலுக்கு ஈந்த காசை ஊர்ச்சபைகள் கடனாகப் பெற்று, காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு பொலிசை செலுத்தின. திருமஞ்சன நீரில் இடும் ஏலவரிசிக்கும் செண்பக மொட்டுக்கும் பொலிசையே செலவாயிற்று, முதல் குறையவில்லை.

நிஃப்டி 50 போன்ற பங்குக் குறியீட்டைப் பின்பற்றும் நிதிகளில், ஈட்டியதை உள்ளேயே சேர்க்கும் ‘வளர்ச்சி’, அவ்வப்போது வழங்கும் ‘வருவாய்ப் பகிர்வு’ என இரு தெரிவுகள் உண்டு. பின்னதைப் பொலிசை எனப் பலர் எண்ணுவர். அஃது அன்று. 100 ரூபாய் மதிப்புள்ள அலகிலிருந்து 4 ரூபாய் வழங்கினால் அலகின் மதிப்பு 96 ஆகிவிடும். வழங்கும் தொகையில் முதலும் கலந்திருக்கலாம் என்பதால், ‘வருவாய்ப் பகிர்வும் முதல் திரும்பப் பெறலும்’ எனப் பொருள்படும் பெயரை 2021 ஏப்ரல் முதல் செபி கட்டாயமாக்கியது. மேலும், பகிர்ந்த தொகை முழுவதும் பெறுபவரின் வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். அலகை விற்றாலோ ஆதாயத்திற்கு மட்டுமே வரி.

ஆகவே மகளின் உயர்கல்விக்காகப் பத்தாண்டு சேமிக்கும் டெல்டா உழவருக்கு வளர்ச்சியே ஏற்றது. இடையில் தேவை நேர்ந்தால் வேண்டிய அலகுகளை மட்டும் விற்கலாம். அடுத்த சம்பா நடவுக் கூலிக்கான பணத்தையோ இவ்விரண்டிலும் இடலாகாது. ஊர்ச்சபை அளித்த உறுதியைப் பங்குச்சந்தை எவர்க்கும் அளிப்பதில்லை.