உலர்ந்த மண்ணிலும் நீருண்டு

உலர்ந்து காணப்படும் பருத்தி நூலிலும் நிறையில் நூற்றுக்கு ஏறக்குறைய எட்டுப் பங்கு ஈரம் உண்டென்பதை நூலை நிறுத்து வாங்கும் நெசவாளர் அறிவர். மண்ணும் அத்தகையதே. கையிலெடுத்தால் பொடியாய் உதிரும் மண்ணிலும் துகள்களைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் ஒட்டியுள்ளது. பயிரின் வேர் அதனை உறிஞ்ச இயலாது, பிழிந்தெடுக்கவும் முடியாது. எனினும் வெப்பம் அதனை ஆவியாக்கிப் பிரித்துவிடும்.

இவ்வுண்மையைக் கொண்டு அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ரே ஜாக்சன், வான் பாவெல் என்னும் மண்ணியல் அறிஞர் இருவர், பாலைவனத்தில் வழிதவறியோர் உயிர் காக்கும் எளிய முறையொன்றை 1965-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சுமார் மூன்றடி அகலமும் ஒன்றரை அடி ஆழமுமுள்ள குழி வெட்டி, நடுவில் பாத்திரம் ஒன்றை வைத்தல் வேண்டும். குழியின் வாயை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளால் மூடி, விளிம்பு முழுவதையும் மண்ணிட்டு அடைத்து, பாத்திரத்திற்கு நேர் மேலே தாளின்மீது சிறு கல்லொன்றை வைத்தால் தாள் புனல்போலத் தாழும். அது குழியின் பக்கங்களைத் தொடலாகாது. வெயில் தாளைக் கடந்து மண்ணைச் சூடேற்றும். எழும் ஆவி, மண்ணைவிடக் குளிர்ந்த தாளின் அடிப்புறத்தில் துளித்து, சரிவில் வழிந்து பாத்திரத்தில் சொட்டும். கள்ளித் துண்டுகளை வெட்டி உள்ளே இட்டால் நீர் கூடும். இடையில் தாளைத் திறந்து பார்க்கும் ஆவல் கூடாது. சேர்ந்த ஆவியெல்லாம் போய்விடும்.

வரவைக் கண்டோம், செலவையும் பார்ப்போமாக. (கணக்குப் பார்ப்பது எம் தொழில், வாசகர் பொறுத்தருள்க.) நல்ல நிலையில் ஒரு குழி நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் அளவே தரும், மிக வறண்ட மணலில் அதுவும் வாராது. சுடுவெயிலில் அலையும் மனிதனுக்கோ நாள்தோறும் பல லிட்டர் தேவை. நண்பகலில் குழி வெட்டினால் சிந்தும் வியர்வை, கிடைக்கும் நீரினும் மிகுதியாகிவிடலாம். ஆகவே வெயில் தாழ்ந்தபின் வெட்டுதல் வேண்டும். ஒரே குழியை நம்பியிருத்தலும் ஆகாது.

விண்வெளியிலும் இதே கணக்குத்தான். செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி, அங்குள்ள மண்ணைத் தன்னிடமிருந்த சிற்றுலையில் 835 டிகிரி சென்டிகிரேடு வரை சூடாக்கியது. நிறையில் நூற்றுக்கு இரண்டு பங்களவு நீர் உண்டென 2013-இல் அறிவிக்கப்பட்டது. அதாவது, ஒரு லிட்டர் நீருக்கு 50 கிலோ மண்ணைச் சுடவேண்டும். சந்திரனின் தென்துருவத்தை அடுத்த கபேயஸ் பள்ளத்தில் 2009-இல் ராக்கெட்டின் பகுதியொன்றை மோதவிட்டு ஆராய்ந்தபோது, நூற்றுக்கு ஐந்தாறு பங்கு நீர் இருக்கலாமென மதிப்பிட்டனர். ஆனால் அது சூரியன் எட்டிப்பாராத இடம். பாலைவனத்தில் இலவசமாய்க் கிடைத்த வெப்பத்தை அங்கே இயந்திரம் கொண்டு உண்டாக்கவேண்டும். காற்றில்லாத இடமாதலால் மூடியில்லையேல் ஆவி கணத்தில் சிதறிப்போகும். ஒரு கிலோ பனியை ஆவியாக்க மட்டும் ஏறக்குறைய 680 கிலோ கலோரி செலவாகும். உடன் சூடேறும் மண்ணின் செலவு தனி.