சுழலும் எலியும் முறுக்கேறும் கம்பியும்

கேள்வி: கூண்டில் தன் போக்கில் நடமாடும் எலியின் மூளைச் சமிக்ஞைகளைப் பதிவு செய்யும்போது, தலையிலிருந்து செல்லும் கம்பி சிக்கிக்கொள்ளாமல் எவ்வாறு தடுக்கிறார்கள்? கம்பியே இல்லாமல் செய்ய முடியாதா?
– கல்லூரி மாணவி, தேக்கா

பதில்: கம்பி முறுக்கேறுவதற்குக் காரணம் எலி ஓடுவதன்று, திரும்புவதே. ஒரே பக்கமாகச் சுற்றும் போக்கு பல எலிகளுக்கு உண்டு; அதனால் சுற்றுக்கொரு முறுக்காகச் சேர்ந்து, கம்பி குறுகி, விலங்கின் தலையையே இழுக்கத் தொடங்குகிறது. இழுபடும் எலி தன் நடையை மாற்றிக்கொள்வதால், கம்பி அறுவதற்கு வெகுமுன்பே ஆய்வு பழுதாகிவிடுகிறது.

இதற்கு வழக்கமான தீர்வு, கம்யூட்டேட்டர் எனப்படும் சுழல் இணைப்பி. கூண்டுக்கு மேலே தொங்கும் இதன் கீழ்ப்பாதி கம்பியோடு சேர்ந்து சுழல, மேற்பாதி அசையாதிருக்க, இடையிலுள்ள உலோக வளையங்களும் அவற்றைத் தொட்டபடி இருக்கும் தூரிகைகளும் மின்தொடர்பு அறாமல் காக்கின்றன. ஆயினும் 300 கிராம் எலி எளிதாகச் சுழற்றும் இணைப்பி, 25 கிராம் சுண்டெலிக்குப் பெருஞ்சுமை. ஆகவே கம்பியின் முறுக்கையோ தலை திரும்பும் திசையையோ உணரியால் அறிந்து, சிறு மோட்டார் கொண்டு தானே திரும்பும் இணைப்பிகள் பயன்பாட்டுக்கு வந்தன.

எனினும் தொல்லையைப் பெரிதும் தணித்தது மோட்டாரன்று, சில்லு எனலாம். மின்முனைக்கு ஒரு கம்பி வீதம் இறங்கிய காலத்தில் வளையங்களும் அத்தனை தேவைப்பட்டன. கம்பிக்கற்றையும் விறைப்பாக இருந்தது. சமிக்ஞையைத் தலையிலேயே பெருக்கி, எண்களாக மாற்றி, வரிசையாக அனுப்பும் சில்லுகள் வந்தபின், 12 மெல்லிழைகள் கொண்ட ஒரே கம்பி பல பத்து மின்முனைகளுக்குப் போதுமானதாயிற்று. இவ்வளவும் இருந்தும், கூண்டின் மூலையை எட்டுமளவே கம்பியை விட்டு, தளர்ந்த பகுதியை ரப்பர் இழையாலோ எதிரெடையாலோ மேலே தூக்கி வைக்காவிட்டால், எலி அதைக் கொறித்துவிடும்; அதற்கு எந்த இணைப்பியிலும் மருந்தில்லை.

கம்பியை அறவே நீக்கும் வழி சிங்கப்பூரிலேயே கையாளப்பட்டுள்ளது. கமிலோ லிபெடின்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் 2016இல் பிளாஸ் ஒன் இதழில் வெளியிட்ட ஆய்வில், நகரும் இயந்திர இருக்கையில் அமர்ந்த குரங்குகளின் மூளைச் சமிக்ஞைகள் கம்பியின்றி அனுப்பப்பட, அவற்றைக் கொண்டே இருக்கை முன்னோக்கிச் செல்லவும் திரும்பவும் நிற்கவும் செய்தது. அறைக்குள் உருண்டு செல்லும் இருக்கையின் பின்னால் கம்பி இழுபடுவது அங்கே பொருந்தியிராது. ஆனால் குரங்கு சுமக்கும் மின்கலத்தைச் சுண்டெலி சுமக்காது; அது சுமக்கக்கூடிய சிறு மின்கலமோ சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். உறக்கத்தையும் விழிப்பையும் நாட்கணக்கில் தொடர்ந்து பதிய வேண்டிய ஆய்வில், மெல்லிய கம்பியும் மோட்டார் இணைப்பியுமே இன்றும் மேல்.