சாக்லேட் கட்டி ஆபரேஷனுக்குப் பிறகு குழந்தை: நீலகிரி தேவாலாவிலிருந்து சிகிச்சைக்குக் கிளம்பும் பெண்களுக்கு முழுமையான வழிகாட்டி

சினைப்பையில் சாக்லேட் கட்டியை உண்டாக்கும் எண்டோமெட்ரியோசிஸுக்கு லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன் முடிந்து வலி விட்டதும், பலர் எஸ்டேட் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். குழந்தை வேண்டுமென்றால் ஓய்வு முடிந்ததும் வரும் மாதங்கள்தான் முக்கியம். நோய் மறுபடி வரலாம், வயதும் நிற்காது.

முதலில் காகிதம்

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது, ஆபரேஷன் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். நோய் எந்த நிலை, எந்தச் சினைப்பையில் கட்டி, கருக்குழாய்கள் எப்படி இருந்தன என்பதெல்லாம் அதில் இருக்கும். 2010-ல் ஆடம்சன், பாஸ்தா இருவரும் வகுத்த 0 முதல் 10 வரையிலான கருவுறுதல் மதிப்பெண்ணைப் போட இந்தக் குறிப்பும் தேவை. தேவாலா மழையில் இவை நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் கவர் அவசியம்.

இரண்டு பரிசோதனைகள்

கட்டியை உரித்தெடுக்கும்போது நல்ல முட்டைகளும் கொஞ்சம் போய்விடலாம். மிச்சம் எவ்வளவு என்று ஏ.எம்.ஹெச். ரத்தப் பரிசோதனை ஓரளவு காட்டும். மாதவிலக்கின் எந்த நாளிலும் எடுக்கலாம். இரண்டாவது, கணவருக்கு விந்துப் பரிசோதனை. இதைத் தள்ளிப்போடும் ஆண்களால் வீணாகும் மாதங்கள் அதிகம்.

மாத்திரை கொடுத்தால்

டயனோஜெஸ்ட் போன்ற ஹார்மோன் மாத்திரை வலியை அடக்கும், ஆனால் சாப்பிடும் வரை பெரும்பாலும் கரு தங்காது. பிறகு கருத்தரிக்கும் வாய்ப்பையும் அது கூட்டுவதில்லை. “இப்பவே குழந்தைக்கு முயற்சி பண்றோம் டாக்டர்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

எந்த வழி?

வயது குறைவு, நோய் லேசு, குழாய் திறந்திருக்கிறது என்றால் ஆறு மாதம் போல இயற்கையாக முயலலாம். பிறகு முட்டை வளர மருந்தோடு ஐ.யு.ஐ. (விந்தைக் கருப்பையில் செலுத்துவது). குழாய் அடைப்பு, விந்துக் குறைபாடு, 35 தாண்டிய வயது என்றால் நேரே ஐ.வி.எஃப். (சோதனைக் குழாய் முறை) பற்றிப் பேசுங்கள். வாய்ப்பைக் கூட்ட என்று மட்டும் சொல்லி இன்னொரு ஆபரேஷன் என்றால், வேறொரு டாக்டரிடமும் கேளுங்கள்.

பயணக் கணக்கு

நமக்குச் சிகிச்சையைவிடப் பஸ்தான் பெரிய பாடு. முட்டை வளர்ச்சி ஸ்கேனுக்கு ஒரே மாதத்தில் பல முறை போக வேண்டும். கூடலூரிலேயே ஸ்கேன் எடுத்து அனுப்பினால் ஏற்பார்களா என்று கேளுங்கள். ஐ.வி.எஃப். ஊசி பத்துப் பன்னிரண்டு நாள். கோவையோ கோழிக்கோடோ, அங்கேயே தங்குவது நல்லது. மழை கொட்டும் ஜூன், ஜூலையில் நாடுகாணி மலைச் சாலையை நம்பி நாள் குறிக்காதீர்கள். 2021 செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி பதிவான மையம்தானா என்று பாருங்கள். அந்தச் சட்டத்தில் பெண்ணுக்கு 21–50, ஆணுக்கு 21–55 வயது வரம்பு.

நாள் தள்ளினால்

குழாயில் கரு தங்கும் ஆபத்து எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்குச் சற்று அதிகம். அதனால் சீக்கிரமே ஒரு ஸ்கேன் வேண்டும். ஒரு பக்க வயிற்றுவலி, ரத்தக்கசிவு, தலைசுற்றல் வந்தால் காலை பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.