தடுக்கி விழுவது விதியா?

நுழையும் முன்

நடப்பதற்கென்று போடப்பட்ட வழியில் நடந்த ஒருவர் விழுந்தால், அது யாருடைய பிழை? விழுந்தவர் என்ன செய்யலாம்? மலைநாட்டுத் தமிழ்க் குடும்பம் ஒன்றை முன்வைத்து இவ்வினாக்களுக்கு விடை காண்பது இப்பாடத்தின் நோக்கம்.

1. ஒரு சொல், இரு பொருள்

இடுக்கி மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், தமிழ்நாட்டு எல்லைக்கு அருகே, சின்னக்கானல் ஊராட்சியில் அமைந்த சிற்றூர் சூரியநெல்லி. கொழுக்குமலைக்குச் செல்லும் ஜீப்புகள் புறப்படும் இடம் இது. தேயிலைச் சரிவுகள் சூழ்ந்த இப்பகுதியில் தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளர் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர்.

இத்தகைய மலையூர்க் கடைத்தெரு ஒன்றில் நடப்பதாக ஒரு நிகழ்ச்சியைக் கற்பனை செய்துகொள்வோம். மூதாட்டி ஒருவர் தம் பேத்தியுடன் ரேஷன் கடையிலிருந்து திரும்புகிறார். வடிகாலை மூடியுள்ள கான்கிரீட் பலகைகளே அங்கு நடைபாதை. அவற்றுள் ஒன்று உடைந்து கம்பி துருத்திக்கொண்டிருக்கிறது. மேலே மழைநீர் தேங்கியதால் உடைப்புத் தெரியவில்லை. இடறி விழுந்த மூதாட்டியின் மணிக்கட்டு முறிகிறது. தற்காலிகத் தொழிலாளியாகக் கொழுந்து பறிக்கும் அவருக்குக் கையே பிழைப்பு. மாவுக்கட்டுப் பிரிக்கும்வரை கூலி இல்லை.

“எல்லாம் என் விதி, தாயி. யாரைச் சொல்லி என்ன?” என்கிறார் அவர்.

“விதி என்பதற்குச் சட்டம் என்றும் ஒரு பொருள் உண்டே, அப்பத்தா!” என்கிறாள் பேத்தி.

அவள் கூறியது சரியே. ஊழைக் குறிக்கும் அதே சொல் ஒழுங்குமுறையையும் குறிக்கிறது. முதற்பொருளை மட்டும் கொண்டால் வாய்மூடி இருக்க நேரும். இரண்டாம் பொருளை அறிந்தால் செய்யத்தக்கவை பல உள.

2. வழி யாருக்கு உரியது?

முதலில் அறிய வேண்டியது, விழுந்த இடம் எவர் பொறுப்பில் உள்ளது என்பதே. மூணாற்றிலிருந்து போடிமெட்டு வழியாகத் தேனிக்குச் செல்லும் பெருஞ்சாலை, தேசிய நெடுஞ்சாலை 85 ஆகும். மாநில அரசின் சாலைகள் பொதுப்பணித் துறையின் பொறுப்பில் உள்ளன. ஊருக்குள் செல்லும் பொதுவழிகள் பெரும்பாலும் ஊராட்சிக்கு உரியவை. தோட்டத்தின் உள்வழிகளுக்கும் லயங்களின் படிக்கட்டுகளுக்கும் தோட்ட நிர்வாகமே பொறுப்பாகலாம். மனு தவறான அலுவலகத்திற்குச் சென்றால் காலம் வீணாகும். ஐயம் இருப்பின், தொடர்புடைய அலுவலகங்கள் அனைத்திற்கும் மனு அளித்தல் நன்று.

3. நீதிமன்றங்கள் உரைத்தவை

பொதுவழியைக் காப்பது அரசின் அருள் அன்று, கடமை என்பதை இந்திய நீதிமன்றங்கள் பலமுறை தெளிவுபடுத்தியுள்ளன.

டில்லி சாந்தினி சௌக்கில் இருந்த பழைய மணிக்கூண்டு இடிந்து விழுந்து சிலர் உயிரிழந்தனர். அது நகராட்சியின் உடைமை. கட்டப்பட்டு ஏறத்தாழ 80 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1966ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இவ்வழக்கில் நகராட்சியையே பொறுப்பாக்கியது. முறையாகக் காக்கப்பட்ட கட்டடம் தானே விழாது. ஆதலால், தன்மீது தவறில்லை என்பதை விளக்க வேண்டிய சுமை உடைமையாளரையே சாரும் என்பது அத்தீர்ப்பின் சாரம். குறை வெளியே தெரியவில்லை என்பதும் ஏற்கத்தக்க சாக்கு ஆகவில்லை.

1980ஆம் ஆண்டு வந்தது மத்தியப் பிரதேசத்தின் இரத்லாம் நகராட்சி வழக்கு. திறந்த சாக்கடைகளால் துன்புற்ற மக்கள் நடுவரிடம் முறையிட்டனர். அவர் சீரமைக்க ஆணையிட்டார். பணம் இல்லை என்று நகராட்சி வாதிட்டது. பாலக்காட்டுப் பகுதியில் பிறந்தவரும் கேரளத்தில் அமைச்சராக இருந்தவருமான நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் அவ்வாதத்தை ஏற்கவில்லை. பணமின்மையைக் காட்டி அடிப்படைக் கடமையிலிருந்து நகராட்சி விலக முடியாது என்று அவர் எழுதிய தீர்ப்பு இன்றும் எடுத்தாளப்படுகிறது.

மூன்றாவது சான்று தமிழரோடு தொடர்புடையது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் எஸ். இராஜசேகரன், சாலை விபத்துகளைத் தடுக்க வேண்டி 2012ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். முறிந்த எலும்புகளை ஒட்ட வைப்பதோடு, அவை முறியாதிருக்கவும் வழி தேடினார் அவர். அவ்வழக்கில் 2025 மே 14 அன்று பிறந்த ஆணை, பாதுகாப்பான நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பில் அடங்கிய வாழ்வுரிமையின் பகுதி என்று அறிவித்தது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும் வகையில் நடைபாதைகள் அமைய வேண்டும் என்றும் வலியுறுத்தியது.

அதே ஆண்டு அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம், சாலைக்குழிகளாலும் திறந்து கிடக்கும் சாக்கடைக் குழிகளாலும் இறந்தவரின் குடும்பத்திற்கு 6 இலட்சம் ரூபாயும், காயமுற்றோர்க்குக் காயத்திற்கேற்ப 50,000 முதல் 2,50,000 ரூபாய் வரையும் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. இது மகாராட்டிரத்திற்கு உரிய ஆணை. கேரள நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது எனினும், வழக்காடுவோர் மேற்கோளாகக் காட்டலாம்.

4. எவற்றை மெய்ப்பிக்க வேண்டும்?

விழுந்தவர் அனைவர்க்கும் இழப்பீடு தானே வந்து சேராது. நான்கு செய்திகளை மெய்ப்பித்தல் வேண்டும். வழியைக் காக்கும் கடமை எதிர்த்தரப்பினர்க்கு இருந்தது. அக்கடமையில் அவர் தவறினார். அத்தவற்றினாலேயே விழுதல் நேர்ந்தது. விழுந்ததால் இழப்பு உண்டாயிற்று.

நடந்தவரின் கவனக்குறைவும் ஆராயப்படும். கைப்பேசியைப் பார்த்தபடி நடந்து, பகலில் தெளிவாகத் தெரியும் குழியில் விழுந்தவர்க்குத் தொகை குறையக்கூடும். மூதாட்டியின் நிலை வேறு. நீர் மூடிய உடைப்பை அவர் கண்டிருக்க இயலாது. அதனைப் பொறுப்பாளர் முன்னரே சீர்செய்திருக்க வேண்டும் அல்லது எச்சரிக்கைப் பலகையாவது வைத்திருக்க வேண்டும்.

5. செய்ய வேண்டியவை

முதலாவது, மருத்துவம். மருத்துவரிடம் விழுந்த இடத்தையும் காரணத்தையும் உண்மையாகக் கூறிப் பதிவுசெய்யச் சொல்ல வேண்டும். ஓ.பி. சீட்டு, எக்ஸ்ரே, மருந்துக் கடை இரசீது ஆகியவற்றைப் பாதுகாக்க வேண்டும்.

இரண்டாவது, சான்று. உடைப்பைப் பல கோணங்களில் அன்றே படம் எடுக்க வேண்டும். பள்ளி அளவுகோலை அருகில் வைத்தால் ஆழமும் அகலமும் விளங்கும். அடுத்துள்ள கடையோ மின்கம்பமோ படத்தில் தெரிந்தால் இடம் உறுதிப்படும். பார்த்தவர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். இழந்த கூலிக்குச் சம்பளச் சீட்டு சான்றாகும்.

மூன்றாவது, மனு. ஊராட்சிச் செயலாளர்க்கு எழுத்தில் மனு அளித்து ஒப்புகைச் சீட்டுப் பெற வேண்டும். வாய்மொழியாகச் சொன்னதற்குச் சான்று இராது.

நான்காவது, தகவல். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்படி 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பித்தால், 30 நாள்களுக்குள் விடை தரப்பட வேண்டும். அப்பலகைகள் இறுதியாக எப்போது சீரமைக்கப்பட்டன, முன்னரே புகார்கள் வந்தனவா என்று கேட்கலாம். முன்பே புகார் வந்திருந்தும் சீர்செய்யப்படவில்லை எனில், அதுவே கடமை தவறியதற்கு வலுவான சான்று.

ஐந்தாவது, முறையீடு. கேரளத்தில் உள்ளாட்சி அமைப்புகள் மீதான குறைகளை விசாரிக்க ஓம்புட்ஸ்மன் என்னும் நடுவர் அமைப்பு உண்டு. குடிமகன் இழப்புற்றிருந்தால் இழப்பீடு வழங்க ஆணையிடும் அதிகாரம் அதற்கு உண்டு.

ஆறாவது, வழக்கு. உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கோரலாம். அரசுமீது வழக்கிடுமுன், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி இரண்டு மாத முன்னறிவிப்பு தர வேண்டும். உள்ளாட்சி அமைப்புகள் மீதான வழக்குகளுக்கும் முன்னறிவிப்பும் குறுகிய காலவரம்பும் உண்டு. ஆகவே, மாவுக்கட்டுப் பிரிக்கும்வரை காத்திராமல் சட்ட அறிவுரை பெறுதல் வேண்டும். விழுந்தவர் 18 வயது நிரம்பாதவர் எனில், அவருக்காகப் பெரியவர் ஒருவர் வழக்குத் தொடர்வார். அவரைச் சட்டம் ‘உற்ற நண்பர்’ என்று வழங்குகிறது.

வழக்கறிஞர்க்குப் பணம் இல்லையே என்று அஞ்ச வேண்டியதில்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987இன்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். இடுக்கி மாவட்ட ஆணைக்குழு தொடுபுழை அருகே முட்டத்தில் உள்ளது. 15100 என்னும் தொலைபேசி எண்ணிலும் உதவி கேட்கலாம்.

6. எந்த மொழியில் எழுதுவது?

“எனக்கு மலையாளம் எழுத வராதே” என்பது மூதாட்டியின் அடுத்த தயக்கம். அரசியலமைப்பின் 350ஆம் உறுப்பு இத்தயக்கத்தை நீக்குகிறது. குறை தீர்க்க வேண்டி அதிகாரிகளுக்கு அளிக்கும் மனுவை, ஒன்றியத்திலோ அம்மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் எழுதலாம். மேலும், கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்தோடும், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள மாநில அரசு அலுவலகங்களோடும் தத்தம் மொழியில் எழுதவும், அம்மொழியிலேயே விடை பெறவும் வழிசெய்துள்ளது.

தகவல் உரிமை விண்ணப்பத்தை மட்டும் ஆங்கிலம், இந்தி அல்லது அப்பகுதியின் அலுவல் மொழியில் எழுத வேண்டும். அங்கே பேத்தியின் படிப்பு உதவும். மனுவைத் தமிழிலும் விண்ணப்பத்தை மலையாளத்திலும் எழுதவல்ல ஒரு பிள்ளை, அவ்வீட்டிற்கு மட்டுமன்றி அந்த லயம் முழுவதற்கும் துணையாவாள்.

7. இழப்பீடு ஒருவர்க்கு, சீரமைப்பு எல்லோர்க்கும்

இழப்பீடு, விழுந்தவரின் துயரை ஓரளவு ஆற்றும். உடைந்த பலகை அப்படியே கிடந்தால் நாளை வேறொருவர் விழுவார். பொதுவழியில் உள்ள இடையூறை நீக்க ஆணையிடுமாறு, சார் ஆட்சியர் முதலிய நிர்வாக நடுவரிடம் எவரும் முறையிடலாம். இரத்லாம் மக்கள் பயன்படுத்திய பிரிவு, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக சுரக்‌ஷா சன்ஹிதாவில் அது 152ஆம் பிரிவாக உள்ளது. இதற்கு ஒருவர் விழுந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

ஆதலால், பேத்தி இரண்டு மனுக்கள் எழுதுகிறாள். ஒன்று அப்பத்தாவின் மணிக்கட்டுக்காக. மற்றொன்று அவ்வழியே பள்ளிக்குச் செல்லும் எல்லோருடைய கால்களுக்காகவும். அப்பத்தா இடக்கையால் பெருவிரல் ரேகை வைக்க முனைகிறார். பின், பேத்தி கற்றுத்தந்த எழுத்துகளை நினைவுகூர்ந்து, மெல்லத் தம் பெயரையே எழுதிக் கையெழுத்திடுகிறார்.

மாதிரி மனு

பெறுநர்: செயலாளர், கிராம ஊராட்சி அலுவலகம்.
பொருள்: உடைந்த நடைபாதையைச் சீரமைக்கவும் இழப்பீடு வழங்கவும் வேண்டுதல்.

ஐயா / அம்மையீர், மேற்கண்ட ஊராட்சிக்கு உட்பட்ட ……… தெருவில், ……… கடைக்கு எதிரே உள்ள வடிகால் மூடி உடைந்துள்ளது. ……… அன்று மாலை ……… மணிக்கு அவ்விடத்தில் இடறி விழுந்ததில் என் வலக்கை மணிக்கட்டு முறிந்தது. மருத்துவச் சான்றும் படங்களும் இணைக்கப்பட்டுள்ளன. உடைப்பை உடனே சீரமைக்குமாறும், மருத்துவச் செலவையும் இழந்த கூலியையும் ஈடுசெய்யுமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.

சொற்பொருள்

ஊழ் – முன்னரே அமைந்ததாகக் கருதப்படும் பயன்
இழப்பீடு – இழந்ததற்கு ஈடாகத் தரும் தொகை
உடைமையாளர் – சொந்தக்காரர்
ஒப்புகைச் சீட்டு – பெற்றுக்கொண்டதற்கான சான்று
நடுவர் – விசாரித்து ஆணையிடுபவர்
சாக்கு – போலிக் காரணம்

பயிற்சி

1. ‘விதி’ என்னும் சொல்லை இரு பொருளிலும் அமைத்து இரண்டு தொடர்கள் எழுதுக.
2. இரத்லாம் வழக்கில் நகராட்சி கூறிய காரணம் யாது? அது ஏன் ஏற்கப்படவில்லை?
3. விழுந்த இடத்தைப் படம் எடுக்கும்போது அளவுகோலை அருகில் வைப்பது ஏன்?
4. பிரித்து எழுதுக: கடமையிலிருந்து, மணிக்கட்டுக்காக, அம்மொழியிலேயே.
5. உம் வீட்டிலிருந்து பள்ளிவரை உள்ள நடைவழியில் காணும் குறை ஒன்றைக் குறிப்பிட்டு, அதற்குப் பொறுப்பான அலுவலகத்தைக் கேட்டறிந்து, மேற்கண்ட மாதிரியைப் பின்பற்றி மனு ஒன்று எழுதுக. வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அதனைப் படித்துக் காட்டுக.