கைகாட்டியும் நுண்கட்டுப்படுத்தியும்

கம்பத்தின் உச்சியில் ஏறி இறங்கும் பலகையைக் கண்ட நம் மக்கள் அதனைக் 'கைகாட்டி' என்றனர். பலகை பெரும்பாலும் மறைந்து விளக்கு வந்துவிட்ட பின்னும் பெயர் நிலைத்துள்ளது. அக்கைகாட்டியைச் சிறிய அளவில் செய்து பார்ப்போர் கற்கும் பாடம் ஒன்றை ஈண்டு ஆராய்வோம். தமிழ்த்துறை மலரில் தண்டவாளம் எதற்கு என வினவுவோர், ஆங்கிலத்தார் 'ஃபெயில்-சேஃப்' என வழங்கும் கருத்துக்குத் தமிழில் இன்னும் ஒரு சொல் ஊன்றவில்லை என்பதை நினைவு கூர்க. 'பழுதிலும் காப்பு' என்பது எம் பரிந்துரை.

பிரித்தானிய மாதிரி இருப்புப்பாதைகளில் பெரிதும் கையாளப்படுவது 'ஓஓ' அளவு. வண்டி உண்மையின் 76-இல் ஒரு பங்கு. தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். பாதையைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் வண்டி இருப்பின் அதன் வாயிலில் சிவப்பு விளக்கு எரியச் செய்தல் வேண்டும். அட்மெகா 328 போன்ற நுண்கட்டுப்படுத்தி ஒன்றே இதற்குப் போதும்.

வண்டி இருப்பதை எவ்வாறு அறிவது? எஞ்சின் மின்னோட்டத்தை இழுக்கும். ஓட்டம் உண்டெனில் வண்டி உண்டு எனக் கொள்வதே எளிய வழி. ஆயின் உணரியின் கம்பி அறுந்தால் ஓட்டம் புலப்படாது. 'வண்டி இல்லை' எனக் கருவி பச்சை காட்டும். பழுது பொய் சொல்லுகிறது! 1872-இல் அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் காப்புரிமை பெற்ற தண்டவாளச் சுற்று இதற்கு நேர்மாறானது. அதில் மின்னோட்டம் தண்டவாளத்தின் வழியே எப்போதும் ஓடி ஒரு ரிலேயைத் தாங்கி நிற்கும். வண்டியின் சக்கரங்கள் குறுக்கிட்டால் ரிலே விழும், சிவப்பு எரியும். கம்பி அறுந்தாலும், மின்கலம் தீர்ந்தாலும் சிவப்பே.

மாதிரியில் இதனை அகச்சிவப்பு ஒளிக்கற்றையால் பெறலாம். பகுதியின் வாயிலிலும் முடிவிலும் பாதைக்குக் குறுக்கே ஒவ்வொரு கற்றை அமைக்க. ஒளி வந்தால் மட்டுமே வழி தெளிவு; கற்றை மறைந்தாலும் கம்பி அறுந்தாலும் தடை. வாயிற்கற்றை மறைந்ததும் பகுதி 'நிறைந்தது' எனக் குறிக்கப்படும். முடிவுக்கற்றை மறைந்து, பின் இரு நொடிகள் இடையறாது ஒளி வந்தாலன்றி அக்குறிப்பு நீங்கலாகாது. பெட்டிகளின் இடைவெளி ஏமாற்றாதிருக்கவே இந்த இரு நொடி. மின்சாரம் நின்று மீண்டால் குறிப்பு அழிந்துபோகும். ஆகவே எல்லா விளக்கும் சிவப்பில் தொடங்க வேண்டும்; ஒருவர் பாதையைக் கண்ணால் பார்த்துப் பொத்தானை அழுத்தும்வரை பச்சை கூடாது.

இத்தனைக்குப் பின்னும் ஒரு வாயில் திறந்தே கிடக்கிறது. 1988 டிசம்பர் 12 அன்று இலண்டன் கிளாபம் சந்திப்பருகே வண்டிகள் மோதி 35 பேர் மாண்டனர். கம்பி மாற்றும் பணியில் பழைய கம்பி ஒன்று வெட்டி நீக்கப்படாமல் விடப்பட்டது. அது பின்னர் முனையைத் தொட்டு ரிலேக்கு மின்சாரம் ஊட்டியது. முன்னே வண்டி இருந்தும் சைகை சிவப்பாகவில்லை. அப்பணியாளர் 13 வாரங்களில் ஒரே ஒரு நாள்தான் ஓய்வு பெற்றிருந்தார் என விசாரணையில் தெரிந்தது. குற்றம் கம்பியுடையது மட்டுமன்று என்பது எம் கருத்து. அறுந்த கம்பிக்கு ராபின்சனின் காப்பு உண்டு. தவறாகத் தொட்ட கம்பிக்கு இல்லை.

நுண்கட்டுப்படுத்தியின் சிறப்பு இங்கேதான் விளங்கும். சில மில்லிநொடிகளுக்கு ஒளிமூலத்தைத் தானே அணைத்து, 'இப்போது இருள் தெரிகிறதா?' என அது உணரியைச் சோதிக்கலாம். அப்போதும் 'ஒளி' என்று விடை வந்தால், கம்பி தவறாகத் தொட்டிருக்கலாம். சன்னல் வெயிலும் விழுந்திருக்கலாம். எதுவாயினும் சிவப்பு!

நிரல் உறைந்துவிட்டால் என் செய்வது? காவல் கடிகாரம் என்னும் உள்ளுறுப்பு அதனை மீளத் தொடங்கும். அக்கணத்தில் சில்லின் கால்கள் எந்த ஆணையும் தாரா. எனவே ஆணையில்லாதபோது சிவப்பு தானே எரியுமாறு டிரான்சிஸ்டரை அமைத்தல் இன்றியமையாதது.

அமைத்து முடித்தபின் ஒவ்வொரு உணரிக்கம்பியாகக் கழற்றுக; அடுத்து ஒவ்வொன்றையும் அடுத்த முனையில் வேண்டுமென்றே தொடுக்க. ஒவ்வொரு முறையும் சிவப்பு எரிந்ததா என ஏட்டில் குறிக்க. கிளாபத்தில் கம்பிகளை மற்றொருவர் எண்ணிச் சரிபார்க்கவில்லை. ஆதலின் இச்சோதனையைச் செய்பவர் கம்பி பிணைத்தவராக இருத்தல் ஆகாது.