நீல இன்ஹேலர் மட்டும் போதுமா?
உச்சிப்புளி பக்கம் கரிமூட்டப் புகை பட்டதும் நெஞ்சு அடைக்குதா? ஆஸ்துமாவுக்கு ‘நீல இன்ஹேலர் இருக்கே, போதும்’னு இருந்துடாதீங்க. அதிலுள்ள சால்பியூட்டமால் மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களில் விரிக்கும். பலன் 4 முதல் 6 மணி நேரம்தான். உள்ளே வீக்கம் அப்படியே இருக்கும்.

அந்த வீக்கத்தைக் குறைப்பது புடசொனைடு போன்ற தடுப்பு இன்ஹேலர். முழுப் பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகலாம். மூச்சு நல்லா இருக்கிற நாளிலும் டாக்டர் சொன்னபடி இழுக்கணும். செல்போனில் அலாரம் வையுங்கள். பழகிவிடும் என்ற பயம் வேண்டாம். இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் வாயில் வெள்ளைப் படலம் வரலாம்.

நீல மருந்து வாரத்தில் 2 முறைக்கு மேல் தேவைப்பட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். அடித்தும் இளைப்பு அடங்கலையா, பேச முடியலையா? உடனே 108.